ஒன்பதுக்கு எட்டு

நவம்பர் 2

ஆய்வு என்றால் முதல் நாளிலிருந்தே எழுதிவைக்க வேண்டும். "ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன் சார்" என்று சொன்ன ஒருவனையும் நான் வேலைக்கு எடுத்ததில்லை. இருபத்தாறு வருஷம் பிஸ்கட் கம்பெனியில் ருசி ஆய்வு சூப்பர்வைசராக இருந்தவன் நான். எந்த ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு இனிப்பு பிடிக்கும், எந்த ஊர்க் குழந்தை எவ்வளவு உப்பு தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டப்பாவைத் திறந்ததும், வாயில் வைக்காமலே, இதில் போட்ட எண்ணெய் காறிப்போய் மூன்று நாள் ஆகிறது என்று சொல்லியிருக்கிறேன். என் மூக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்பார் மேனேஜர்.

இப்போது ரிடையர் ஆகி ஆடு மேய்க்கிறேன் என்று பழைய சகாக்கள் சிரிக்கிறார்கள். மேய்க்கவில்லை, கொட்டகையில் கட்டி வளர்க்கிறேன். அன்னூர் சாலையில் இரண்டு ஏக்கர். கறவையில் பன்னிரண்டு ஆடுகள், ஒரே ஒரு கிடா, கர்ணன். எல்லாம் என் மனைவி சுலோச்சனா சேர்த்தது. நான் பிஸ்கட்டோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவள் நாலு குட்டியில் ஆரம்பித்து, சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினொரு வீடுகளுக்கு ஆட்டுப்பால் ஊற்றுகிற அளவுக்குக் கொண்டுவந்தாள். போன வருஷம் வைகாசியில் வந்த காய்ச்சல் எங்கள் இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் சாய்த்தது. நான் எழுந்துகொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அவள் கடைசியாகக் கேட்டது, குட்டிகளுக்குத் தண்ணீர் வைத்தீர்களா என்று. வைக்கவில்லை. வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஓசூரில் இருக்கும் மகள் தாரிணியோடு நேற்று ஓர் ஒப்பந்தம் ஆனது. பதினொரு வீடு பொங்கலுக்குள் நாற்பது வீடு ஆக வேண்டும். ஆகாவிட்டால் ஆடுகளைக் கொடுத்துவிட்டு நான் அவளோடு போய் இருக்க வேண்டும். சரி என்றேன். நாற்பது என்ன பெரிய நம்பரா? சந்தை இருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 4

நாலு மணிக்கு எழுந்தேன். முதலில் கர்ணனுக்குத் தீனி. அவன் அவசரக்காரன், மற்றதற்கு முன்னால் அவனைக் கவனிக்காவிட்டால் கொட்டகையையே இடித்துவிடுவான். கொம்புக்கு நடுவில் சொறிந்துவிட்டு, தாடியை உருவிவிட்டு, பிறகு கறவை. சுலோச்சனா இருந்தவரை அவனைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் தனியாகக் கட்டியிருந்தாள். அவள் போன பிறகு ஒரு மாதம் ஓயாமல் கத்தினான். கேட்கச் சகிக்காமல் நான்தான் அவிழ்த்து வந்து பெட்டைகளுக்குப் பக்கத்துத் தடுப்பில் கட்டினேன். அன்றோடு கத்துவது நின்றது. மிருகத்துக்கும் துணை வேண்டியிருக்கிறது.

தீவனப்புல் அறுக்க வரும் ரங்காத்தா, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் கொட்டகைக்குள் நுழைகிறாள். பதினைந்து வருஷம் ஆட்டுப் புழுக்கை அள்ளியவளுக்கு இப்போது வந்திருக்கும் நாகரிகத்தைப் பாருங்கள்.

கேஸ் அடுப்பு இன்றும் குப்பென்று பிடித்தது. வலது புருவம் கொஞ்சம் கருகிவிட்டது. ரெகுலேட்டர் சரியில்லை.

மடி துடைக்கத் துணி தீர்ந்துவிட்டது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டையைக் கிழித்தேன். அது என் பழைய சட்டை. சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டுதான் சுலோச்சனா பால் கறப்பாள். ஒன்றரை வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வப்போது எடுத்து முகத்தில் வைத்துப் பார்ப்பேன். முதல் மாதமே அவள் வாசனை போய்விட்டது, ஒன்றும் இல்லை. வெறும் துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நன்றாகத் துவைத்தெடுத்ததும் ஆறு துண்டு வந்தது. கிழிக்கும்போது பிய்ந்துபோன ஒரு கை மட்டும் அந்த ஆணியிலேயே தொங்குகிறது. தேவைப்படும்போது அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 8

ஆய்வுக்கான தாள்களை ஜெராக்ஸ் எடுத்தேன். கேள்விகள் ஆறு. மதிப்பெண் ஒன்றிலிருந்து ஒன்பது வரை.

புதிய பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். பிடிக்காதவர்கள் ஒன்று, இரண்டு போடுவார்கள் என்று நினைக்காதே. நம் ஜனம் அப்படி முகத்தில் அடித்தாற்போல் சொல்லாது. எட்டு போடும். ஒன்பது போட்டால் பொய் என்று தெரிந்துவிடும், ஏழு போட்டால் நம் மனசு நோகும். எட்டுதான் மரியாதை மார்க். நிஜமாகப் பிடித்தவள் மார்க்கைப் பற்றி யோசிக்கவே மாட்டாள், "இன்னொன்று இருக்கா?" என்று கேட்பாள். ஆகவே முகத்தைப் பார்க்காதே, மார்க்கைப் பார்க்காதே. கையில் என்ன மிச்சம் வைத்தாள் என்று பார்.

நவம்பர் 13, ஞாயிறு

அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் சுற்று. செயலாளர் ஹேமலதா கீழே இருக்கும் பொதுக் கூடத்தைத் திறந்துவிட்டார். சுலோச்சனாவுக்கு நெருங்கிய சிநேகிதி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கும், பேச்சை வேறு பக்கம் திருப்புவார்.

முப்பத்திரண்டு பேர். காகிதக் கப்பில் அரைக் கப் பால், இரண்டும் ஒரே சூடு, ஒரே அளவு சர்க்கரை. கப்பின் மேல் குறி எண் மட்டும்: 417 பசும்பால், 283 ஆட்டுப்பால். எது எது என்று யாருக்கும் சொல்லவில்லை. கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேசியபடியே வராந்தாப் பக்கம் போய்க் குடித்தார்கள். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

283க்கு முப்பத்தோரு எட்டு! ஒரே ஒரு குழந்தை மட்டும் தாளில் ஒன்றும் எழுதாமல் ஓடிவிட்டது. எட்டைப் பார்த்ததும் மரியாதை மார்க் என்றுதான் தாள்களை மூடிவைத்தேன். ஆனால் கப்புகளைத் திரட்டி எண்ணிப் பார்த்தேன். 283 கப் அத்தனையும் காலி. ஒரு சொட்டு மிச்சமில்லை. 417இல்கூட ஐந்தாறு பேர் பாதி வைத்திருந்தார்கள். இருபத்தாறு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு முடிவைப் பார்த்ததில்லை. வீடு வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

வராந்தாவில் இருந்த செம்பருத்தித் தொட்டிகளில் எல்லாம் ஈரம். பத்து மணி வெயிலில் தண்ணீர் ஊற்றுகிற தோட்டக்காரனை என்னவென்று சொல்வது?

நவம்பர் 14

பதினொரு வீட்டுப் பாட்டில்களும் பளபளவென்று கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டு வருகின்றன. சுலோச்சனா காலத்தில்கூட இப்படி இல்லை, ஆடை ஒட்டிக்கொண்டு வரும். பழகப் பழக அருமை தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

நேற்று எட்டு போட்டவர்களில் புதிதாகச் சேர்கிறேன் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் போகட்டும்.

நவம்பர் 20, ஞாயிறு

உழவர் சந்தை வாசலில் இரண்டாம் சுற்று. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. அதுதான் நல்லது.

நாற்பது பேருக்குக் கொடுத்தேன். 283க்கு ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, மூன்று. ஒரு அம்மாள் வாய் வரைக்கும்கூடக் கொண்டுபோகவில்லை, கையை நீட்டிய வாக்கிலேயே கப்பைத் திருப்பித் தந்துவிட்டார். கட்டம் போட்ட லுங்கிக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுச் சாக்கடையில் துப்பினார். "ஏனுங்க, கெடாயப் புழிஞ்சு ஊத்துனீங்ளா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அவர் முன்னாலேயே ஒரு கப் முழுக்கக் குடித்துக் காட்டினேன். நல்ல பால். பச்சைத் தண்ணீர் மாதிரி சுத்தமாக இறங்கியது. பாக்கெட் பால் குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போன ஜனம், வேறென்ன சொல்வது?

முப்பத்தேழு கப் மிச்சம்.

நவம்பர் 21

எழுத ஒன்றுமில்லை. மழை. வெள்ளச்சி ஆட்டுக்கு இருமல்.

நவம்பர் 27

ஒரு சாம்பிளில் ஏலக்காய், ஒன்றில் சுக்கு, ஒன்றில் பனங்கற்கண்டு போட்டுப் பார்த்தேன். அன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை மாஸ்டரிடம் மூன்றையும் கொடுத்தேன். அவர் அத்தனையையும் முகர்ந்துவிட்டு, ஏலக்காய் வாங்கிய பணத்துக்கு ஒரு குளியல் சோப்பு வாங்கியிருக்கலாம் என்றார். கிண்டல் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அடுத்த நிறுத்தத்தில் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இரண்டு இடம் காலியாகத்தான் இருந்தது.

எனக்கு மூன்று சாம்பிளும் ஒரே மாதிரி இருக்கின்றன. கடைக்காரன் பழைய ஏலக்காயைத் தலையில் கட்டிவிட்டான்.

டிசம்பர் 5

புதிய வீடு ஒன்றுகூட இல்லை.

டிசம்பர் 11, ஞாயிறு

தாரிணி போன் செய்தாள். எத்தனை வீடு ஆயிற்று என்று கேட்டாள். பேச்சு நடக்கிறது என்றேன். சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாள். ரசம் வைத்தேன் என்றேன். பெருங்காயம் போட்டீர்களா, நீங்கள்தான் பெருங்காயம் இல்லாத ரசத்தைத் தொட மாட்டீர்களே என்றாள். டப்பா காலியாகி எத்தனை நாள் ஆயிற்றோ, எனக்குத் தோன்றவே இல்லை. போட்டேன் என்று சொன்னேன்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் கண்ணைக் கட்டிவிட்டு, சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மூக்குக்குக் கீழே நீட்டுவாளே, அதை நினைவுபடுத்தினாள். ஒரு தடவைகூட நான் தோற்றதில்லை. ஜவ்வரிசியைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறேன்.

டிசம்பர் 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறரைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மூக்குக்கண்ணாடியை வாட்ச்மேன் மேஜையில் மறந்து வைத்துவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பினேன். போய்ச் சேரும்போது எட்டு மணி இருக்கும். வாட்ச்மேன் தங்கராசு குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் பாட்டில்கள் வரிசையாக. எல்லாவற்றிலும் பால் அப்படியே இருந்தது. ஒன்றொன்றாகத் திறந்து ஓர் அலுமினியத் தட்டில் ஊற்றிவிட்டுப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கையில் பிரஷ்.

"கோவிச்சுக்காதீங்க சார். அம்மா போனதுக்கப்புறம், பாவம் தனி மனுசன் கஷ்டப்படறாருன்னு யாருக்கும் வேண்டாம்னு சொல்ல மனசு வரலீங்க. கீழ கொண்டாந்து குடுத்துருவாங்க."

"எத்தனை வீடு?"

"பதினொண்ணும்ங்க."

எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. நாய்கள் குடிக்கின்றனவா என்று கேட்டேன். வெள்ளை நாய் குடிக்கும், கருப்பு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்றார். அந்தக் குடியிருப்பிலேயே என்னிடம் மரியாதை காட்டாதது அந்தக் கருப்பு நாய் ஒன்றுதான். ஆய்வில் அதையும் சேர்த்திருக்க வேண்டும்.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேராக ஹேமலதா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். சுலோச்சனா கொடுத்த பாலில் ஆட்டுவாடையே இருக்காதாம். அவர் மாமனார் அதில் போட்ட காப்பியைத்தான் குடிப்பாராம். இப்போது பாட்டிலைத் திறந்தால் கிடா பக்கத்தில் வந்து நிற்பது போலிருக்கிறது என்றார். போன மாதம் கூடத்தில் எல்லோரும் கப்பைத் தொட்டியில் கொட்டியதையும் சொல்லிவிட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"உங்க துணியிலயும் அடிக்குதுங்கண்ணா. யாராச்சும் சொல்லியிருக்கோணும். நானே சொல்லியிருக்கோணும்."

அந்தப் பதினொரு வீட்டுக்கும் நாளையிலிருந்து பால் வராது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கர்ணனின் தாடியைப் பிடித்து இழுத்து அதில் மூக்கை வைத்து நன்றாக உறிஞ்சினேன். தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொள்கிற ஜாதி அது. ஒன்றுமே இல்லை. சோப்புப் போட்டுத் துவைத்த துணி மாதிரி இருக்கிறான். எனக்கு மார்கழிச் சளி கொஞ்சம் இருக்கிறது, இருந்தாலும் கிடா வாடைகூடத் தெரியாமலா போகும்?

டிசம்பர் 19

பால் கறந்து தென்னைக்கு ஊற்றினேன்.

டிசம்பர் 20

ரங்காத்தாவைக் கேட்டேன். நேராகவே கேட்டேன், கொட்டகை நாறுகிறதா என்று.

அவள் கதிரரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "நானு அன்னைக்கே சொன்னனுங்கண்ணா, கெடாயப் பக்கத்துல கட்டாதீங்கன்னு. மூக்கை வெச்சுப் பொழச்சவன் எனக்குத் தெரியாதான்னு நீங்கதான் சத்தம் போட்டீங்க."

சொன்னாளாம். எனக்கு நினைவில்லை. சத்தம் போட்டிருப்பேன்.

பிறகு சுலோச்சனாவின் முறையை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுந்ததும் முதல் வேலை கறவை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிடா இருக்கும் பக்கமே போக மாட்டாள். கறந்து, வடிகட்டி, பாலை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகுதான் கிணற்றுப் பக்கம் போய்க் கர்ணனைக் கவனிப்பாள். கவனித்த கையோடு குளியல். பெட்டைகள் கிடாவைப் பார்க்கவே கூடாது, காற்றுகூட அவன் பக்கமிருந்து வரக் கூடாது என்று இடம் பார்த்துக் கட்டியிருந்தாள். கிடா வாடை பாலில் ஏறும் என்பது ஆடு வளர்க்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதியாம். நான் அவளைத் தீட்டுப் பார்க்கிறவள் என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

நான் செய்ததோ நேர்மாறு. முதலில் கிடா, அவனைத் தடவிய கையாலேயே கறவை. ஒன்றரை வருஷம், தினமும்.

டிசம்பர் 21

கர்ணனைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்க் கட்டினேன். சாயங்காலம் வரை கத்தினான். கொட்டகையைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவினோம். என் வேட்டி சட்டை எல்லாவற்றையும் ஊறவைத்து அடித்துத் துவைத்தேன்.

டிசம்பர் 30

பத்து நாள் ஆயிற்று. கறவை முதலில், கர்ணன் கடைசியில், பிறகு குளியல். இன்றைய பாலை ஒரு டம்ளரில் ஊற்றி ரங்காத்தாவிடம் கொடுத்து, வாடை போய்விட்டதா என்று கேட்டேன். "போயிருச்சுங்க," என்றாள். டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

எனக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. நானே குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. உழவர் சந்தையிலும் நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 4

ஏழெட்டுப் புது வீடுகளின் படி ஏறி இறங்கினேன். நல்ல பால், ஒரு வாரம் இலவசம் என்றேன். கதவைத் திறந்தவர்கள் எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பால் நன்றாக இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? நான் வேலைக்கு எடுத்த பையன் எவனாவது சாம்பிளைச் சோதிக்காமல் இப்படிப் பேசியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

பாதித் தெருவில் திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 13

தாரிணி வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, தனியாக வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் உள்ளே ஓடிப்போய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். கேஸைத் திருகி மூடினாள். கரண்ட் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் கூடத்தில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தேன். காலையில் காப்பி போட்டபோது அடுப்பைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது.

"வாசல் வரைக்கும் அடிக்குதுங்கப்பா. உங்களுக்குத் தெரியலையா?"

சளி என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு பரணில் ஏறி ஒரு செத்த பெருச்சாளியைப் பேப்பரில் எடுத்து வந்தாள். அது காய்ந்து சருகாகிக் கிடந்தது.

ஜனவரி 14, போகி

காலையில் தாரிணி கையில் ஒரு துண்டுடன் வந்தாள். "ஞாயித்துக்கிழமை ஆட்டம் ஆடலாமாப்பா?" என்றாள். இன்று சனிக்கிழமை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கண்ணைக் கட்டினாள். முதலில் ஏதோ நீட்டினாள். மூக்குக்குள் சில்லென்று ஏறியது. கற்பூரம் என்றேன். சரி என்றாள். பார்த்தாயா, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

அடுத்ததில் சில்லென்ற உணர்ச்சி இல்லை. எதுவுமே இல்லை. வெறும் காற்று. நேரம் இதுதான், காலை எட்டு மணி, டிக்காஷன் போட்டிருப்பாள் என்று கணக்குப் போட்டு, காப்பித்தூள் என்றேன். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. பெருங்காயம் என்றேன், மல்லிகை என்றேன், வெந்தயம் என்றேன். ஒவ்வொரு தடவையும் சரி என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரமானது. அவள் மூச்சு வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அது எனக்குக் கேட்டது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாகத் துணி ஒன்றை முகத்தில் வைத்தாள். மூக்கை நன்றாக மூடுகிற மாதிரி வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

யோசித்தேன். சொரசொரவென்ற பருத்தி, பழசு. சமையலறையிலிருந்துதானே எல்லாம் வருகிறது?

"கரித்துணி," என்றேன்.

அவள் அப்படியே என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். நீலக் கோடு போட்ட சட்டைக் கை. ஆணியில் மிச்சமிருந்தது.

"அம்மாங்கப்பா. தேங்காயெண்ணெய், மஞ்சள், அம்மா வேர்வை. அம்மா பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குது. அப்படியே இருக்குது."

மீதிச் சட்டை எங்கே என்று கேட்டாள்.

சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றுமில்லை என்று நான்தான் முடிவு செய்தேன். துவைத்தேன். மடி துடைத்தேன். ஒன்றரை மாதம் கிடாவைத் தொட்ட கையால் அதைப் பிழிந்து காயப்போட்டேன். அவள் வாசனை முதல் மாதமே போய்விட்டது என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். போனது அது இல்லை. ஒன்றரை வருஷமாக அது அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நான் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். முகத்தை வைத்து வைத்து, ஒன்றுமில்லை என்று எழுந்து வந்திருக்கிறேன்.

ஆறு துண்டையும் கொட்டகையிலிருந்து எடுத்து வந்தேன். தாரிணி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். நான் கேட்கவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

கெடு இன்றோடு முடிகிறது. வீடுகள்: பூஜ்யம். பொங்கல் வைத்தோம். தாரிணி வைத்தாள்.

ஜனவரி 18

வியாபாரி வண்டியோடு வந்தார். பேச்சி என்ற ஆட்டை மட்டும் ரங்காத்தா கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற பதினொன்றும் பலகையில் தாமாகவே ஏறின. தீனிக்குக் கூட்டிப்போவதாக நினைத்திருக்கும். கர்ணன் ஏறவில்லை, நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். வியாபாரி தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். எங்கே கொண்டுபோகிறார் என்று நான் கேட்கவில்லை. வண்டி சாலையில் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது, காலையில் எதற்கும் தண்ணீர் வைக்கவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

ஓசூர். மூன்றாவது மாடி. டாக்டரிடம் காட்டினோம். அந்தக் காய்ச்சலில் போன வாசனை சிலருக்குத் திரும்பும், இத்தனை நாள் கழித்து என்றால் உறுதி சொல்ல முடியாது என்றார். வயதைக் கேட்டார். அறுபத்தொன்று என்றேன்.

சட்டைக் கையைத் தாரிணி ஒரு ஜிப் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். எனக்காக ஒரு தடவை பார்த்துச் சொல் என்றேன். திறந்து முகத்தில் வைத்தவள் எடுக்கவே இல்லை. மாப்பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டார், குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. மார்க் கேட்க மறந்துவிட்டேன். கேட்கவும் வேண்டியதில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

திறந்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "இருக்குதுங்கப்பா," என்றாள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

திறக்கத் திறக்கத்தான் போகும், மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்றாள். நியாயம்தான். ஆனாலும் கேட்டேன். திறந்தாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

போன வாரம் கேட்காமல் இருந்துவிட்டேன். இன்று முடியவில்லை.

அவள் பீரோவைத் திறந்து உறையை எடுத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தைப் பார்க்கக் கூடாது. ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். உடனே ஜிப் மூடும் சத்தம்.

"அப்படியே இருக்குதாம்மா? ஒம்பதுக்கு எவ்வளவு போடுவே?"

"எட்டுங்கப்பா," என்றாள்.

குறித்துக்கொண்டேன்.